பிரிஸ்டல் அறிக்கை

சர்க்கார் அறிக்கைகளை இலக்கியமாகப் படிக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. படிக்கத் தகுந்தபடி அவை எழுதப்படுவதும் இல்லை என்பது வேறு விஷயம். 2001ல் இங்கிலாந்தில் வெளியான பிரிஸ்டல் விசாரணை அறிக்கையை விதிவிலக்கு என்று சொல்லலாம். சட்டப் பேராசிரியர் இயன் கென்னடியின் தலைமையில் தயாரான அந்தப் பெரிய நூலை நான் ஒரு நாவலைப் படிப்பது போலத்தான் படித்தேன். நல்ல நாவலுக்கு வேண்டிய ஒரு குணம் அதில் இருக்கிறது. கெட்டவன் என்று ஒருவனைக் காட்டி, பழியையெல்லாம் அவன் தலையில் போட்டுவிட்டு அது ஓய்ந்துவிடவில்லை.

பிரிஸ்டல் ராயல் இன்பர்மரியில், பிறவியிலேயே இருதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு ரண சிகிச்சை நடந்து வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்வதற்கென்று சர்க்கார் 1984ல் சில மையங்களைத் தேர்ந்தெடுத்து அங்கீகரித்தது. பிரிஸ்டல் அவற்றில் ஒன்று. அங்கீகாரத்தோடு தனி நிதியும் வந்தது, கௌரவமும் வந்தது. பிறகு, 1991 முதல் 1995 வரை மட்டும், சராசரியான ஒரு மையத்தில் இறந்திருக்கக் கூடியதைவிட 30 முதல் 35 சிசுக்கள் அதிகமாக அங்கே இறந்துபோயின என்று அறிக்கை கணக்கிட்டுச் சொல்கிறது.

இந்த அங்கீகாரம் எப்படிக் கிடைத்தது? அறிக்கையில் என்னை மிகவும் பிடித்து நிறுத்திய இடம் இதுதான். தென்மேற்கு இங்கிலாந்துக்கு ஒரு மையம் தேவைப்பட்டது. பிரிஸ்டல் அங்கே இருந்தது. முக்கியமான காரணம் பூகோளம்தான். சிகிச்சைக்கு வரும் சிசுக்களின் தொகையோ குறைவு. இந்தத் தொழிலில் கை பழகுவதற்குத் தொகை வேண்டும். குழந்தைகளின் இருதய நோயைக் கண்டறியும் வைத்தியர்கள் ஒரு கட்டடத்தில், கத்தி பிடிப்பவர்கள் வேறொரு கட்டடத்தில். சிகிச்சை முடிந்த குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்துத்தான் படுக்க வைத்தார்கள். இவை எதுவும் ரகசியமல்ல. பார்க்க வந்தவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டிய விஷயங்கள்.

அங்கீகாரம் கொடுத்த பிறகு யார் கவனித்தார்கள்? இலாகா ஒரு குழுவை நம்பியது. குழு, வைத்தியர்களின் கல்லூரியையும் உள்ளூர் அதிகாரிகளையும் நம்பியது. அவர்கள் வேறு யாரையோ நம்பினார்கள். கல்யாண வீட்டில் விருந்தாளியை யாரும் சாப்பிடக் கூப்பிடாமல் விட்டுவிடுவது இப்படித்தான். ஆனால் இங்கே திரும்பிப் போனவை பசித்த வயிறுகள் அல்ல.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார் என்று சொன்னால் மிகையாகிவிடும். எண்ணியதை விடாப்பிடியாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். ஸ்டீபன் போல்சின் 1988ல் அங்கே வந்து சேர்ந்த மயக்க மருந்து டாக்டர். லண்டனில் தாம் பார்த்ததைவிட இங்கே சிகிச்சைக்கு அதிக நேரம் பிடிப்பதைக் கவனித்தார். 1990ல் ஆஸ்பத்திரித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பலன் இல்லை. தாமே இன்னொருவருடன் சேர்ந்து கணக்கெடுத்தார். 1995 ஜனவரி 11 இரவு, ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் சிகிச்சையை மறுநாள் செய்யலாமா கூடாதா என்று டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். அவர் கூடாது என்றார். மற்றவர்கள் செய்யலாம் என்றார்கள். குழந்தையின் பெற்றோருக்கு இப்படி ஒரு கூட்டம் நடந்ததே தெரியாது. மறுநாள் குழந்தை மேஜையிலேயே இறந்தது. வெளியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்துப் பார்க்கச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

நாவலாசிரியன் இந்த இரவை முப்பது பக்கம் எழுதுவான். அறிக்கை அடக்கி வாசிக்கிறது. அதனால் பலம் குறைந்துவிடவில்லை.

ஆனால் அறிக்கையின் இரண்டாம் பகுதி எனக்குத் திருப்தி தரவில்லை. எதிர்காலம் பற்றி 198 பரிந்துரைகள்! ஒவ்வொன்றும் நியாயமானதுதான். 198 நியாயங்களைச் சேர்த்துச் சொல்லும்போது எது தலையாயது என்பது மறைந்துபோகிறது. முன்பகுதியே அதை எழுப்பிவிட்டிருக்கிறது: எத்தனை பேர் பிழைத்தார்கள், அதைக் கேட்கும் பொறுப்பு யாருடையது? அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூயார்க் மாகாணம் 1989லேயே பெரியவர்களின் இருதய ரண சிகிச்சை மரணங்களை, நோயாளிகளின் நிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, தொகுக்க ஆரம்பித்திருந்தது. 1991ல் ஒரு பத்திரிகை வழக்குப் போட்டு, டாக்டர்களின் பெயரோடு அந்த எண்களை வெளியே கொண்டுவந்தது. டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. கடினமான நோயாளிகளைத் தட்டிக் கழிக்க இது தூண்டும் என்றார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒருவர் எண்ணினார், இன்னொருவர் கேட்டார். பிரிஸ்டலில் இல்லாதது அதுதான்.

இப்போது நம் நாட்டிலும் ஆஸ்பத்திரிகளுக்குத் தரம் பார்த்து அங்கீகாரம் வழங்க இந்தியத் தர கவுன்சிலின் கீழ் ஒரு வாரியம் இருக்கிறது. அமெரிக்க முத்திரையைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. தேடிப் போவதில் நன்மை இருக்கிறது. ஒரு பிரிவு தன்னுடைய பதிவுகளை அந்நியர் பார்க்கப் போகிறார்கள் என்பதற்காகவாவது ஒழுங்கு செய்து வைக்கும். வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பத்திரத்தைப் பார்க்கும்போதோ, அது இடத்துக்குக் கொடுத்ததா, பிழைத்தவர்களின் கணக்கைப் பார்த்துக் கொடுத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

இருதயப் பிரிவு நடத்துகிறவர்கள் இந்த நூலைப் படிக்க வேண்டும். நேரமில்லாதவர்கள் பரிந்துரைகளை விட்டுவிட்டு, 1984ல் பெயர் கொடுத்த கதையிலிருந்து அந்த ஜனவரி இரவு வரை படித்தால் போதும்.