கழுகுமலைக்குச் சுற்றுலா காவலாகுமா?

கழுகுமலையின் வெட்டுவான் கோயிலை எட்டாம் நூற்றாண்டில் மேலிருந்து கீழாகக் குடைந்து வந்த பாண்டியச் சிற்பிகள், விமானத்தை முடித்துவிட்டு அடிப்பகுதியை அரைகுறையாக விட்டுப் போனார்கள். அதே மலையில்தான் சமணத் தீர்த்தங்கரர்கள் சிற்பங்களாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மலைகளுக்குக் குவாரியோ சுரங்கமோ வரும்போது, "சுற்றுலா கெட்டுவிடும்" என்பதையே பலரும் முதல் வாதமாக வைக்கிறார்கள். அது எவ்வளவு தாங்கும்?

கணக்குப் போட்டால் அவ்வளவு தாங்காது. கோவில்பட்டியில் பஸ் ஏறி வரும் குடும்பம் கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டு, மலையேறி இறங்கி, அர்ச்சனைத் தட்டுக்கும் டீக்கும் கொடுப்பதுதான் ஊருக்குக் கிடைக்கிற காசு. கடலைமிட்டாயைக்கூடத் திரும்பும் வழியில் கோவில்பட்டியில்தான் வாங்குவார்கள். மானாவாரி பொய்த்த வருஷங்களில் இந்தக் கரிசக்காட்டுக்குக் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டி ஆபீஸ். அங்கே வாரச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம் சுற்றுலாப் பொருளாதாரம் பேசினால் சிரிப்பாள். சிரிக்கட்டும், நியாயம்தான்.

சுற்றுலாவைப் பெரிதும் நம்பி வாழும் கொடைக்கானலைப் பாருங்கள். 1984 முதல் அங்கே ஓடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக்கடையில் கிடந்தது தெரியவந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு செய்துகொள்ள 2016 ஆகிவிட்டது. ஆனால் அதனால் கூட்டம் குறையவில்லை. 2024-இல் நீதிமன்றம் இ-பாஸ் போட்டுக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பெருகியிருந்தது. ஏரியில் படகு ஓட்டியவர்களுக்குப் பாதரசம் கண்ணில் படவில்லை. அடி வாங்கியது தொழிலாளியின் உடம்பும் மண்ணும்.

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி வேறு கதை. அங்கும் சமணர் படுகை, பாண்டியர் குடைவரை உண்டு. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. 2025 ஜனவரியில் ரத்தானது. இடையில் அதை எதிர்த்து மதுரைக்கு நடந்து போனவர்கள் சுற்றுலாக் கடைக்காரர்களா? பெரும்பாலும் விவசாயிகள். கண்மாயும் வயலும் குலசாமியும் போய்விடும் என்றுதான் நடந்தார்கள்.

ஆகவே சுற்றுலா வருமானம் மலைக்குப் போதுமான காவல் இல்லை என்பதே என் தீர்ப்பு. கூடுதலாகப் பணம் காட்டுகிறவன் வந்தால் அந்த வாதம் அன்றே தோற்கும். கரிசலுக்குத் தொழில் வேண்டும். அது பாறையைத் தின்னாத தொழிலாக இருக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸை வேறொரு தெருவுக்கு மாற்றிக் கட்டலாம். உடைத்த மலையைக் கட்ட முடியாது.