இருபது ஈட்டியும் ஒரு சுல்தானும்

நமது பாடசாலை மேடைகளில் ஒரு கணக்கு எப்போதும் பிழைக்கிறது. திரை விலகும்போது இருபத்தைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். நாடகம் முடியும்வரை வாய் திறப்பவர்கள் நாலு பேர். சுல்தான் ஒருவர், வஸீர் ஒருவர், எதிரி நாட்டு ஒற்றன் ஒருவன், கடைசிக் காட்சியில் வந்து உபதேசம் பண்ணும் பெரியவர் ஒருவர். மிச்ச இருபத்தொரு பேரும் காட்போட் ஈட்டியோடு பின்னால் நிற்பார்கள். அவர்களும் மூன்று மாதம் ஒத்திகைக்கு வந்தவர்கள்தான். "உனக்கு என்ன பாட் மகன்?" என்று உம்மா கேட்டால், "நான் ஈட்டி" என்று சொல்லுவான். சிரிப்பாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் நாடகத்துக்கு வராது என்பதுதான் சிரிக்க முடியாத பகுதி.

வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்திலும், கொட்டாஞ்சேனை, புதுக்கடைப் பக்கத்துப் பாடசாலை மண்டபங்களிலும், மீலாத் விழாக்களிலும் பல வருடங்களாக நான் பார்த்துவரும் இளையோர் நாடகங்களில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதான். ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் மேடை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது நல்ல மனம். ஆனால் கையில் உள்ள எழுத்துரு நாலு பேருக்காக எழுதப்பட்டது. அதற்குள் இருபத்தொரு பேரைத் திணித்தால் அவர்கள் தூணாகவோ மரமாகவோ காவற்காரராகவோதான் நிற்க முடியும். ஆட்களை நிரப்பிய நாடகம் வேறு. பலருக்காகவே எழுதப்பட்ட நாடகம் வேறு.

இந்தச் சிக்கலுக்கு நமது மண்ணிலேயே ஒரு பழைய விடை உண்டு. மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஊர் இளைஞர் பலர் சேர்ந்து ஆடுவார்கள். அண்ணாவியார் ஆளைப் பார்த்துப் பாத்திரம் பங்கிட்டுச் சட்டம் கொடுப்பார். மாதக்கணக்கில் களரி பழகி, சதங்கை கட்டி, பிறகுதான் அரங்கேற்றம். இதில் நான் முக்கியமாகக் கருதுவது வரவு என்ற ஒழுங்கை. அரசனோ கட்டியகாரனோ, களரிக்குள் வருகிறவனுக்குத் தனக்கென்று ஒரு வரவு ஆட்டம், ஒரு தாளக்கட்டு உண்டு. அவன் ஆடி முடியும்வரை களரி அவனுடையது. கதையில் அவன் சின்ன ஆளாக இருக்கலாம். அந்தச் சில நிமிடங்களில் அவனைத் தவிர வேறு யாரையும் ஊர் பார்க்காது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடியதை ஓரிரு மணித்தியாலத்துக்குள் சுருக்க வேண்டி வந்தது. அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் கொழும்புப் பார்வையாளர்கள் கூத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் சுருக்கத்தில் முதலில் அடிபட்டது சின்னப் பாத்திரங்களின் வரவுதான் என்பது என் அபிப்பிராயம். சி. மௌனகுரு எழுதி அவரே இராவணனாக ஆடிய இராவணேசன் ஒரு பெரும் படைப்பு. அதே நேரம் அது ஒரு தனிமனிதனின் வீழ்ச்சி. அவரே 1969ல் சங்காரத்தில் தொழிலாளரைக் கூட்டமாகக் களரிக்குக் கொண்டுவந்து, வர்க்கத்தையும் சாதியையும் அரக்கராக்கி எதிரே நிறுத்தியபோதுதான், பலர் ஆடும் நாடகத்துக்குப் பலரைப் பற்றிய கதை வேண்டும் என்ற எளிய விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

முஸ்லிம்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சீதக்காதி நொண்டி நாடகமும் அலிபாதுஷா நாடகமும் அப்பாசு நாடகமும் தமிழில் நம்மவர் பெயரோடு இருப்பவை. நொண்டி நாடகம் ஒருவனே நின்று தன் கதையைச் சொல்லி முடிக்கும் வகை. மற்ற இரண்டும் பல பாத்திரம் கொண்டவை. பார்ஸி நாடகக் கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்கு வந்து ஆடியபோது அவர்கள் கொண்டுவந்தது நமக்குப் பழக்கமான கதை உலகத்தைத்தான். அதிலிருந்துதான் சிங்கள நூர்தி பிறந்தது, 1911ல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. கிழக்கு மாகாணத்தில் நம்மவர் பொல்லடியும் களிகம்பும் ஆடுகிறார்கள். வட்டத்தில் நிற்கும் எவனும் அங்கே அலங்காரம் இல்லை; ஒருவன் தாளம் தப்பினால் பக்கத்தவன் பொல்லு வெறுங்காற்றில் போகும். கொழும்பில் நாடகம் பழக்கும் நமது சேர்மார் எத்தனை பேர் இதை ஒரு நாடகப் பயிற்சியாக நினைத்துப் பார்த்திருப்பார்கள்? மீலாத் ஊர்வலத்துக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நபிமாரை மேடையில் காட்டக் கூடாது என்ற நமது கட்டுப்பாட்டைப் பலர் நாடகத்துக்குப் பெரிய தடையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு வரப்பிரசாதமாகவே படுகிறது. முஸ்தபா அக்காத் 1976ல் எடுத்த த மெஸேஜ் படத்தில் ரஸூல் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. சுற்றியிருந்த மனிதர்களை வைத்தே கதை நகர்கிறது. நடுவே ஒரு இடம் வெறுமையாக இருக்கும்போது அதைச் சுற்றி நிற்பவர்கள்தான் பேச வேண்டும். சந்தையில் பேரீச்சம்பழம் விற்பவன், தண்ணீர் சுமப்பவள், ஒட்டகம் மேய்க்கும் பையன், வட்டிக்குக் கொடுத்தவன், வாங்கினவன். இருபது பேருக்கு இருபது குரல். நமது எழுத்தாளர்களோ அந்த வெறும் இடத்தைக் கண்டதும் பயந்து, அதில் ஒரு சுல்தானைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

சிங்களச் சகோதரர்கள் இதில் நமக்கு முன்னே போய்விட்டார்கள். பிரெக்டின் காக்கேசிய வெண்கட்டி வட்டத்தை ஹென்றி ஜயசேன 1967ல் ஹுனுவட்டயே கதாவ என்று மேடையேற்றினார். அஸ்டக்காக அவரும் குருஷாவாக மனேல் ஜயசேனவும் நடித்த அந்த நாடகம் தலைமுறைகளாக ஓடியது. மூலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். குருஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும்போது வழியில் சந்திக்கும் ஒவ்வொருவரும், பால் விற்கிற கிழவன் உட்பட, தனக்கென்று ஒரு நியாயத்தோடு நிற்கிறார்கள். ஐந்து வசனம் பேசும் பிள்ளைக்குக்கூட 'நான் ஏன் இப்படி நடக்கிறேன்' என்று யோசிக்க இடம் இருக்கிறது. சின்னப் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று படிக்க விரும்பும் நம் எழுத்தாளர்கள் இந்த ஒரு நாடகத்தைப் பத்துத் தரம் படித்தாலே போதும்.

அதே பிரெக்ட், பார்ப்பவரைவிட நடிப்பவர் கற்றுக்கொள்ளட்டும் என்று சில கற்பித்தல் நாடகங்களும் எழுதினார். 1930ல் பேர்லினில் மாணவர்கள் நடித்த 'ஆம் சொல்பவன்' அதில் ஒன்று. தாயின் மருந்துக்காக ஆசிரியரோடு மலை கடந்து போகும் சிறுவன் வழியில் நோயில் விழுகிறான். விழுந்தவனைப் பள்ளத்தில் எறிய வேண்டும் என்பது வழக்கம், அவனும் சம்மதிக்கிறான். அங்குள்ள பாடசாலைப் பிள்ளைகளோடு அதைப் பேசியபோது, அவன் ஏன் சம்மதிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பிரெக்ட் எழுத்துருவைத் திருத்தினார். 'இல்லை சொல்பவன்' என்று இன்னொன்றையும் எழுதிச் சேர்த்தார். உலகப் புகழ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த எழுத்தாளன் பதினைந்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு இறங்கி வருகிறான். நமது ஒத்திகையில் ஒரு பிள்ளை "சேர், இந்த இடத்தில இவர் ஏன் இப்பிடிச் சொல்லோணும்?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? "எழுதியிருக்கிறதைச் சொல்லு."

தமிழில் பலர் நடிக்கும் நாடகம் என்றால் குழந்தை ம. சண்முகலிங்கத்தைத் தாண்டிப் போக முடியாது. 1978ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியவர். பாடசாலைப் பிள்ளைகளை மனதில் வைத்தே நிறைய எழுதினார். 1985ல் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆற்றிய மண் சுமந்த மேனியர், எடுத்துரைஞரையும் கோரஸையும் முதுகெலும்பாகக் கொண்டது. ஒரே ஆள் இந்தக் கணம் கூட்டத்தில் ஒருவன், அடுத்த கணம் ஒரு தாய். ஈட்டிக்காரன் பிரச்சினைக்கு இதைவிட நேரான தீர்வு தமிழில் வரவில்லை.

ஆனால் கோரஸுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. கோரஸ் 'நாம்' என்று பேசும். இருபது தொண்டை ஒன்றாகச் சொல்லும்போது அந்தச் சொல் உண்மைபோலவே ஒலிக்கும். அந்த நாடகம் மேடையேறி ஐந்து வருடத்தில், 1990 ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நாடகத்தின் மேல் அந்தப் பழியைப் போடுவது அநியாயம். நான் அதைச் செய்யவில்லை. 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று மேடையிலேயே கேட்கும் ஒரு குரல் கோரஸுக்குள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நாம் எழுதும் நாடகங்களுக்கும் இது பொருந்தும். 'உம்மத்' என்று இருபது பேர் சேர்ந்து முழங்கும்போது, மாளிகாவத்தைத் தொடர்மாடிப் பையனும் வெள்ளவத்தைக் கடைக்காரர் மகனும் உண்மையில் ஒரே இடத்திலா நிற்கிறார்கள்?

பெண் பிள்ளைகள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. ஒன்பதாம் வகுப்பு தாண்டினால் பல வீடுகளில் மேடை மூடப்பட்டுவிடும். பெண்கள் பாடசாலைக்குள் நடிக்க விட்டாலும், கிடைக்கும் எழுத்துருவில் ஆண் பாத்திரங்களே நிறைந்திருப்பதால் ஐப்ரோ பென்சிலால் மீசை வரைந்துகொண்டு சுல்தானாக நிற்கிறார்கள். லோர்கா 1936ல் எழுதிய பெர்னார்டா அல்பாவின் வீட்டை க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகம் 'ஒரு பாலை வீடு' என்று தமிழில் மேடையேற்றியது. மேடையில் ஒரு ஆண் கூட வருவதில்லை. ஒரு தாய், ஐந்து மகள்மார், ஒரு பாட்டி, வேலைக்காரிகள். துக்க வீட்டுக்கு வரும் பெண்கள் இருநூறு பேர் என்று லோர்கா குறிப்பு எழுதியிருக்கிறார். (எந்த மேடையில் ஏறும் என்று அவர் யோசிக்கவில்லை போலும்.) எட்டு வருடம் கதவைப் பூட்டிக்கொண்டு துக்கம் காக்கச் சொல்லும் அந்தத் தாயை நம் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. முடிவில் வரும் தற்கொலையும் கள்ளக் காதலும் அதிபர்மாரைப் பயமுறுத்தும், அதுவும் எனக்குத் தெரியும். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நானும் கொடுக்க மாட்டேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகள், விவரமான ஒரு ரீச்சரோடு, தாராளமாகச் செய்யலாம். அது ஏலாது என்றால், ஆண் இல்லாத மேடைக்கு நாமே எழுத வேண்டும். மையத்து வீட்டின் உள் அறை ஒன்று போதும், இருபது பெண்களுக்கு இடம் இருக்கும்.

லண்டன் நஷனல் தியேட்டர் 1995 முதல் கனெக்ஷன்ஸ் என்ற பெயரில், 13 முதல் 19 வயதுப் பிள்ளைகள் நடிப்பதற்கென்றே தேர்ந்த எழுத்தாளர்களிடம் வருடந்தோறும் நாடகங்கள் எழுதி வாங்குகிறது. டெனிஸ் கெலியின் டி.என்.ஏ அப்படி வந்தது. பதினொரு பாத்திரம். ஒரு பையன் செத்துப்போனான் என்று நினைத்து அதை மறைக்கும் நண்பர் கூட்டம். பெயரையும் ஆண் பெண்ணையும் நடிப்பவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று கெலியே அனுமதித்திருக்கிறார். அங்கே உபதேசம் பண்ண ஒரு பெரியவர் வருவதில்லை; பார்ப்பவர்கள் நெஞ்சுப் படபடப்போடு வீட்டுக்குப் போகிறார்கள். தமிழ்த்தினப் போட்டிக்கு எழுதும் நம்மவர்கள் நடுவர் அழும் இடத்தைக் குறிவைத்து எழுதுகிறார்கள். நிமிடக் கணக்கு முடிவதற்குள் ஒரு மரணம், ஒரு மனமாற்றம், ஒரு பாட்டு. அதற்குள் யாருக்கும் வரவு ஆட நேரமில்லை.

கதைக்குப் பஞ்சமா என்றால், இல்லை. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் மையத்துகளை எரிக்கத்தான் வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருந்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்ட பிறகு, டிசம்பரில், பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். யாரும் தலைமை தாங்கிக் கட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து, கட்டி, போனார்கள். இதில் சுல்தான் எங்கே? ஒரு வேலி, இருபத்தைந்து துணி, இருபத்தைந்து வரவு. கடையில் துணி வாங்கும்போது எதற்கு என்று கேட்ட முதலாளி, "நமக்கேன் வம்பு" என்று தடுத்த வாப்பா, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கட்டாமல் போன நானா, காவலுக்கு நின்ற பொலிஸ்காரன், தன் தாவணி ஓரத்தைக் கிழித்துக் கட்டிய பிள்ளை. கட்டாமல் போனவனுக்கும் எட்டு வசனம் கொடுக்க வேண்டும். நாடகம் அங்கேதான் இருக்கிறது.

இதை எழுதப் போகிறவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதட்டும். அன்று பத்து வயதில் இருந்தவர்கள் இன்று நடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் அப்போது என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவே பாதி எழுத்துரு. ஒத்திகையை டியூஷனுக்கும் மஃரிபுக்கும் நடுவே எப்படி வைப்பது என்பதுதான் கொழும்பில் பெரிய பாடு. எல்லாரும் ஒரே நாளில் வர வேண்டிய அவசியம் இந்த வகை நாடகத்துக்கு இல்லை. ஐந்தைந்து பேராகப் பழகலாம்; கடைசி இரண்டு கிழமையில் சேர்த்தால் போதும்.