இரண்டு போன், இரண்டு கைதட்டல்

ஒலியின் வேகத்தை அளக்க இரண்டு போன், ஒரு டேப், இரண்டு கைதட்டல் போதும். அரசுப் பள்ளிகளில் ஆய்வுத் திட்டம் செய்யும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும் தன்னார்வலராகப் போகத் தொடங்கியதிலிருந்து, இந்தச் சோதனையைப் பற்றி யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அத்தனை அழகான சோதனை அது.

செயலியின் பெயர் ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். காசு கிடையாது, விளம்பரத் தொல்லை கிடையாது. நம் போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, ஒளி உணரி, மைக் எல்லாவற்றையும் அளவுக் கருவிகளாக நம் கையில் தந்துவிடுகிறது. போனைப் படுக்கவைத்தால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணம் முடுக்கமானி. வரைபடத்தில் வடக்கு எது என்று காட்ட உதவுவது காந்தமானி. வீடியோ பார்க்கும் போனுக்குள் இவ்வளவும் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அதைப் பார்ப்பதற்கென்றே எத்தனை தூரமும் போகலாம்.

சோதனைக்கு வருகிறேன். ஒரு பள்ளியின் வராந்தாவில் 10 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு போன்களைத் தரையில் வைக்கிறோம். இரண்டிலும் செயலியின் ஒலி நிறுத்துக்கடிகாரம் திறந்திருக்கிறது. ஒரு சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நின்றுவிடும். முதல் போனுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் கைதட்டுகிறாள். அவள் போன் உடனே ஓடுகிறது. சத்தம் 10 மீட்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எதிர்முனைப் போன் ஓடுகிறது. பிறகு எதிர்முனையில் நிற்கும் பையன் தட்டுகிறான். அவன் போன் உடனே நிற்கிறது. அந்தச் சத்தம் வந்து சேரும்வரை இவள் போன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, இரண்டு போன்களும் காட்டும் நேரத்தில் ஒன்றை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது, ஒலி 20 மீட்டர் கடக்க எடுத்துக்கொண்ட நேரம். இரண்டு போன்களின் கடிகாரங்களையும் ஒன்றோடொன்று பொருத்தவேண்டிய அவசியமே இல்லை. இந்த யோசனை எவர் மனதில் உதித்ததோ, அவரை மானசீகமாகக் கும்பிடுகிறேன்!

அன்று வந்த வித்தியாசம் 0.057 விநாடி. 20-ஐ அதனால் வகுத்தால் விநாடிக்கு 351 மீட்டர். ஒன்பதாம் வகுப்பே ஒரு கணம் கூவியது. உடனே பின்னால் இருந்து ஒரு குரல்: "அக்கா, 331னுதானே படிச்சோம்? தப்பா அளந்துட்டமா?"

அறிவியல் ஆசிரியர் நான் வாயைத் திறக்கும் முன்பே கரும்பலகைக்குப் போய்விட்டார். 331 என்பது பூஜ்ய டிகிரியில். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். வராந்தாவில் தொங்கிய வெப்பமானி 33 காட்டியது. 0.6-ஐ 33-ஆல் பெருக்கி, 331-உடன் கூட்டிக் காட்டினார். கேள்வி கேட்ட பையன் எழுந்து நின்று தன் நோட்டையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தான். பாடப்புத்தகத்து எண் ஒன்றை அவனும் அவன் கூட்டாளிகளும் சொந்தமாகக் கண்டெடுத்துவிட்டார்கள். இந்த இடத்துக்காகத்தான் நான் இந்த வேலையைக் காதலிக்கிறேன்.

அதோடு விட்டுவிடக் கூடாது என்பதுதான் ஆய்வின் ருசி. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். ஒருமுறை 345 வந்தது, ஒருமுறை 357. கடிகாரம் ஆயிரத்தில் ஒரு விநாடி முன்பின் ஆனாலே விடை 6 மீட்டர் இடம்மாறிவிடுகிறது. கணக்கு ஆசிரியரை அழைத்துவந்தோம். சராசரி எதற்கு, வீச்சு எதற்கு என்று அவர் வருஷாவருஷம் நடத்தும் பாடத்தை அன்று பிள்ளைகளே அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தூரத்தைக் கூட்டினால் பிழை குறையும் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். மைதானத்துக்குப் போய் 20 மீட்டர் அளந்தார்கள். அங்கே கைதட்டல் எட்டவில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து தட்டும் கரண்டியும் வந்தன.

மைதானத்தில் காற்று அடித்தது. "காத்து சத்தத்தைத் தள்ளிட்டுப் போகாதா?" என்று எல்லோரும் கவலைப்பட்டபோது, அதுவரை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: "ஒரு சத்தம் காத்தோட போகுது, ஒரு சத்தம் எதிர்க்காத்துல வருது. ரெண்டையும் சேர்த்துத்தானே கணக்குப் போடறோம்? சரியாப் போயிடும் அக்கா." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துல்லியமான பதில் அது. இந்த முறை காற்றைத் தாங்கி நிற்பதற்குக் காரணமே அதுதான். எந்த வழிகாட்டிக் குறிப்பையும் பார்க்காமல், மைதானத்தில் நின்று அவளாக யோசித்த பதில்!

பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும், முதலில் உதவி வேண்டியிருப்பது ஆசிரியர்களுக்குத்தான். "பசங்க முன்னாடி அது வேலை செய்யலைன்னா என்னங்க பண்றது?" என்ற தயக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு, நியாயமானதும்கூட. அதனால் பள்ளி விட்ட பிறகு ஆசிரியர்களோடு மட்டும் உட்காருகிறோம். முதல் சோதனைக்கு ஒரு தலையணை போதும். முடுக்கமானியைத் திறந்து போனை மேசைமேல் வைத்தால் 9.8 காட்டும். தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டு, இடுப்பளவு உயரத்திலிருந்து தலையணைமேல் போட்டால், விழும் அந்த அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் வரைகோடு சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். எடையின்மை! விண்வெளி வீரர் படத்தைக் காட்டியே அதை இத்தனை காலம் நடத்திவந்த ஓர் ஆசிரியை, தன் போனைத் தானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்புக்கு யார் போகிறார்கள் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

இணையம் இல்லையே என்று தயங்குகிற பள்ளிகளுக்கு இதோ ஒரு தித்திப்பான செய்தி. போனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து, செயலி காட்டும் முகவரியை உலாவியில் தட்டினால், போனில் ஓடும் வரைகோடு அப்படியே கணினித் திரையில் ஓடும். டேட்டா தேவையே இல்லை. ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் வகுப்பு முழுவதும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு அளக்கலாம். எண்களை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். விலை குறைந்த போன்களில் சுழல் உணரியும் காற்றழுத்த உணரியும் பெரும்பாலும் இருக்காது. இருப்பதைக் கொண்டே செய்ய ஏராளம் இருக்கிறது.

ஒளி உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பிள்ளைகள் ஒரு மாநாட்டுக்கே ஆய்வு செய்தார்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் சுற்றுப்புறத்துச் சிக்கல் ஒன்றை வழிகாட்டி ஆசிரியரோடு ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எழுதிச் சமர்ப்பிக்கலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைத்துவருகிறது. அதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தங்கள் வகுப்பறையையே ஆராய எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும், புத்தகம் வைக்கும் உயரத்தில், காலை, மதியம், மாலை என்று வெளிச்சத்தை லக்ஸில் அளந்தார்கள். போனுக்குப் போன் அளவு மாறும் என்பதால் கடைசிவரை ஒரே போன். கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டினால் வகுப்பறையின் வெளிச்ச வரைபடம் தயார். ஜன்னலோரம் பளிச்சென்று மஞ்சள். கதவுக்குப் பின்னால் இருந்த மூலை அடர்நீலம். அந்த மூலையில் உட்காருகிறவன் பலகையில் எழுதியதைத் தப்பாக எழுதிக்கொள்கிறான் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையன். வரைபடத்தைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். அந்த வாரமே அங்கே ஒரு குழல்விளக்கு வந்தது. பிள்ளைகள் மறுபடி அளந்து, புது வரைபடத்தைப் பழையதற்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள்.

போனின் கேமராவையும் விடுவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கும். அதைக் கேமராவோடு ஒட்டவைத்துக் குளத்துத் தண்ணீரைப் படம் எடுத்த வகுப்பில், மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இ-பேர்ட் செயலியைப் பயன்படுத்தும் பள்ளிகளைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரையே வேண்டும்.

ஒலி அளந்த குழு இன்னும் ஓயவில்லை. காலையிலும் மதியத்திலும் அளந்தால் வேகம் மாறுமா என்று இறங்கினார்கள். 10 டிகிரி ஏறினால் 20 மீட்டர் இடைவெளியில் வரும் வித்தியாசம் ஆயிரத்தில் 2 விநாடிதான். சலிக்காமல் தட்டித் தட்டிச் சராசரி எடுத்தார்கள், மதியத்து வேகம் கூடுதல் என்பது தெளிவாகத் தெரிந்தது. இப்போது அடுத்த கேள்வி: மழைக்கால ஈரக்காற்றில் ஒலி மெதுவாகப் போகுமா? பெரும்பாலானவர்கள் மெதுவாகத்தான் போகும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். நீராவி காற்றைவிட எடை குறைந்தது, ஆகவே ஈரக்காற்றில் ஒலி சற்று வேகமாகவே போகும் என்று எனக்கும் ஆசிரியருக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வித்தியாசம் மிகச் சிறியது, தூரம் நிறைய வேண்டும் என்பதை மட்டும் சொன்னோம். ஏரிக்கரையில் நேராக ஒரு நீளமான இடம் பார்த்து, டேப்பால் அளந்து, சுண்ணாம்புக் கோடும் போட்டு வைத்துவிட்டார்கள். தட்டு இனிமேல் பத்தாதாம்; கோயில் பூசாரியிடம் சேகண்டியைக் கேட்டிருக்கிறார்கள், ஐப்பசி பிறந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.