32 பிட் வாசலில் 64 பிட் கெர்னல்

எக்ஸ்86 பிராசஸர் மின்சாரம் வந்ததும் 16 பிட் ரியல் மோடில்தான் விழிக்கிறது. 1978இல் வந்த 8086க்கு எழுதிய நிரல்கள் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக விட்டுவைத்த ஏற்பாடு அது. இன்றைய கெர்னலுக்கு வேண்டியதோ 64 பிட் லாங் மோட். இடைப்பட்ட படிகளை ஏறுவது யார் பொறுப்பு? 1995இல் எரிக் போலினும் பிரயன் ஃபோர்டும் வகுத்த மல்டிபூட் விதி ஒரு கோடு கிழித்தது: 32 பிட் புரொடெக்டட் மோட் வரை பூட்லோடர் கொண்டுவந்து விடும், பேஜிங் அணைந்திருக்கும், மற்றது கெர்னல் பாடு.

அன்று அது அருமையான முடிவு. ஆளுக்கொரு பூட்லோடர் எழுதிக்கொண்டிருந்த நிலை மாறியது. ஏ20 கேட்டைத் திறக்கும் தொல்லை தீர்ந்தது. மெமரி வரைபடமும் கட்டளை வரியும் கையில் வந்து சேர்ந்தன.

யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகை ஃபர்ம்வேர் வந்தபின் அதே கோடு சுமையாகிவிட்டது. 64 பிட் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் பிராசஸரை லாங் மோடுக்கு ஏற்கெனவே ஏற்றிவிடுகிறது. கிரப் பூட்லோடரும் அங்கேதான் ஓடுகிறது. ஆனாலும் விதிப்படி 32 பிட்டுக்கு இறங்கித்தான் கெர்னலை அழைக்கிறது. கெர்னல் உடனே பேஜ் டேபிள் கட்டி, பிஏஇ பிட்டை இயக்கி, லாங் மோடை அனுமதித்து, பேஜிங்கை முடுக்கி, 64 பிட் கோட் செக்மென்ட்டுக்குத் தாவி மறுபடி ஏறுகிறது. இதில் ஒரு பிட் பிசகினாலும், பிழையைப் பிடிக்கும் ஹேண்ட்லர் எதுவும் அப்போது இல்லாததால், ட்ரிபிள் ஃபால்ட் ஆகி இயந்திரம் சத்தமில்லாமல் ரீபூட் ஆகும். திரையில் ஓரெழுத்துகூட வராது. கெர்னல் எழுதக் கற்பவர்களின் இரவுகளைத் தின்பது இந்த இடம்தான்.

மல்டிபூட்2 இதற்கு 64 பிட் நுழைவு ஒன்றைத் தந்தது. ஆனால் யூஇஎஃப்ஐ பூட் சேவைகளை மூடாமல் ஒப்படைக்கும்படி கெர்னல் கேட்டிருக்க வேண்டும். மூடும் வேலையும் அதன் தலையில் விழுகிறது. லிமைன் என்னும் பூட்லோடரின் நெறிமுறை பேஜ் டேபிளோடு நேரே லாங் மோடில் விடுகிறது. தொடங்குபவருக்கு இதுவே நல்ல வழி. லினக்ஸ் 16, 32, 64 பிட் நுழைவுகளோடு, ஃபர்ம்வேரே நேராக இயக்கும் இஎஃப்ஐ ஸ்டப்பையும் வைத்திருக்கிறது.

பழைய விதிக்கு வேறொரு பலமும் உண்டு. பே டிரெயில் ஆட்டம் சிப் கொண்ட டேப்லெட்டுகள் சிலவற்றில் பிராசஸர் 64 பிட், ஃபர்ம்வேர் 32 பிட். அவற்றுக்காக 2014இல் லினக்ஸ் 3.15 தனியே கலப்பு முறை ஆதரவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஃபர்ம்வேரை அழைக்கும்போதெல்லாம் 32 பிட்டுக்கு இறங்கி ஏற வேண்டும். மல்டிபூட் கெர்னலுக்கோ ஃபர்ம்வேர் எத்தனை பிட் என்று தெரியவே வேண்டாம். 32 பிட் கிரப் அதே வாசலில்தான் கொண்டுவந்து விடும்.