மணிக்கோபுரத்துக்கு அடியில் உட்காராதீர்கள்

பெல்ஜியத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுக்க வானிலை ஒன்று போதும். லூவனில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஜூலை மாதக் காலையில் ஜன்னலைத் திறந்து, வானத்தைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வெயில் வந்தாலும் வரும்" என்பார். 25 டிகிரி அடித்தால் போதும், "புழுக்கம் தாங்கலை" என்று விசிறிக்கொள்வார். மதுரையில் வளர்ந்தவனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. (2019 ஜூலையில் அந்த நாட்டிலும் 40 டிகிரியைத் தாண்டியது. அப்போது நானும் சிரிக்கவில்லை.)

ஒரு திங்கட்கிழமை அவர் கேட்டார்: "சாயங்காலம் மழை வராதுபோல இருக்கு. மெக்கெலனுக்கு வர்றீங்களா, மணி கேட்கலாம்?"

மணியோசை கேட்க இன்னொரு ஊருக்கு ரயிலேறிப் போவானேன் என்று தோன்றியது. ஆனாலும் போனேன். அதன்பின் அந்தக் கோடையில் ஒரு திங்களையும் விட மனம் வரவில்லை. நீங்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், எப்படிக் கேட்பது என்று நான் தட்டுத் தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன்.

வாத்தியத்தின் பெயர் காரில்லான். கோபுர உச்சியில் ஸ்வர வரிசைப்படி தொங்கும் வெண்கல மணிகள். குறைந்தது 23 இருந்தால்தான் அந்தப் பெயர். மெக்கெலனின் புனித ரோம்பவுட் பேராலயக் கோபுரத்தில் 49 மணிகள் கொண்ட வாத்தியம் ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. கோபுரம் 97 மீட்டர், படிகள் 538. அங்குள்ள பெரிய மணியான சல்வாத்தோர் 8 டன்னுக்கு மேல் எடை. காரில்லான் வாசிக்கும்போது மணி ஆடாது. உள்ளே இருக்கும் நாக்குதான் அசையும். ஒவ்வொரு நாக்கிலிருந்தும் ஒரு கம்பி கீழே மரக்கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மேடைக்கு வரும். வாசிப்பவர் அந்தக் கட்டைகளை மூடிய கையின் சுண்டுவிரல் பக்கத்தால் குத்துவார். பெரிய மணிகளுக்குக் கால்மிதி. வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். அதனால் கச்சேரிக்கு முன் கம்பிகளைத் திருகிச் சரிசெய்துகொள்வார்கள். மேடையில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல, இவர்கள் வானிலைக்குச் சுருதி சேர்க்கிறார்கள்.

முதல் நாள் நான் செய்த தவறு, கோபுரத்தின் காலடியிலேயே போய் நின்றது. நாகஸ்வரக் கச்சேரிக்கு முன்வரிசை பிடிக்கும் புத்தி. அங்கே நாக்கு உலோகத்தில் மோதும் கடகடப்பும் சதுக்கத்துக் காப்பிக்கடை இரைச்சலும்தான் காதில் விழுந்தன. வீட்டுக்காரம்மா சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக இரண்டு தெரு தள்ளி ஒரு முற்றத்துக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் சுவர், நடுவே புல்வெளி, கூரைகளுக்கு மேலே கோபுரத்தின் தலை மட்டும். ஒலி மேலேயே ஒன்றோடொன்று கலந்து, பிறகு இறங்கி வந்தது. கோபுரம் எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி, வண்டிச் சத்தம் மறைகிற இடமாகப் பாருங்கள். காற்று கோபுரத்திலிருந்து உங்கள் பக்கம் வீசினால் இன்னும் நல்லது.

கச்சேரி மாலையில் நடப்பதிலும் ஒரு வசதி உண்டு. உச்சி வெயிலில் சூடேறிய தரையை ஒட்டிய காற்று ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும். தரை குளிர்ந்தபின் ஒலி கீழ்நோக்கி வளைந்து நம்மைத் தேடி வரும். இரவு எட்டரைக்குத் தொடங்கும்போது அங்கே இன்னும் நல்ல வெளிச்சம். ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிவிடும்.

அங்கே உட்கார்ந்திருக்கையில் முதலில் அவ்வப்போது தானாக ஒரு மெட்டு வரும். அது கச்சேரி இல்லை. பழைய கோபுரங்களில் முளைகள் அடித்த பெரிய உருளை ஒன்று சுழன்று மணிகளை இயக்கும். எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் விழும், கடியாரம் பேசுவதுபோல. மனிதர் வாசிக்கத் தொடங்கியதும் வித்தியாசம் தெரியும்: சிறு மணிகள் கிசுகிசுக்கும், பெரிய மணி தயங்கி வந்து சேரும், ஒரு வாக்கியம் மெல்ல ஏறித் தணியும். அந்த வித்தியாசம் பிடிபட்டாலே பாதிக் கேள்வி ஞானம் வந்தமாதிரி.

இனி நம் காதுக்கு வருவோம். மணியில் ஸ்வரத்தை வளைக்க முடியாது, கமகம் கிடையாது. கமகத்தில் ஊறிய காதுக்கு முதல் பத்து நிமிடம் சப்பென்றிருக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு அடியின் வாலைக் கேளுங்கள். அடித்ததை நிறுத்த வழியில்லை. சின்ன மணி சட்டென்று அடங்கிவிடும். பெரியது அடுத்த நாலு ஸ்வரங்களின் அடியிலும் முனகிக்கொண்டே இருக்கும். நல்ல வாசிப்பாளர் அந்த முனகலைக் கணக்கில் வைத்தே அடுத்த அடியைத் தருவார்.

அதைவிட விசேஷம் மணிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மணியை ஒருமுறை தட்டினால் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்: அடியில் ஒரு மந்தர ரீங்காரம், அதன்மேல் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், இவற்றுக்கு நடுவே அழுத்தமாக ஒரு சாதாரண காந்தாரம். எந்த மணியைத் தட்டினாலும் இந்தக் காந்தாரம் கூடவே வரும். மேற்கத்திய மேஜர் சுரக்கட்டுக்கு அந்தர காந்தாரம் வேண்டும், இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால்தான் எவ்வளவு குதூகலமான மெட்டை வாசித்தாலும் மணிகளில் அழுது முடித்த முகத்தின் சிரிப்புபோல ஏதோ ஒன்று தங்கிவிடுகிறது. மைனர் சுரக்கட்டில் வரும் உருப்படிகளில் வாத்தியம் தன் வீட்டுக்கு வந்துவிட்டது தெரியும். இந்த உள்-ஸ்வரங்களை மணியின் உட்புறத்தைச் சீவிச் சீவி ஒழுங்குபடுத்தக் கற்றவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் ஹெமோனி சகோதரர்கள். யாகோப் வான் ஐக் என்ற பார்வையற்ற இசைக்கலைஞரின் காதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1644-இல் நெதர்லாந்தின் சுட்ஃபன் ஊருக்குச் சுருதி சுத்தமான முதல் காரில்லானை வார்த்துக் கொடுத்தார்கள்.

மெக்கெலனின் திங்கள் மாலைக்குக் காரணம் யெஃப் டெனின். பார்வை இழந்த தந்தையின் இடத்தில் அமர்ந்தவர். 1892-இல் கோடைக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1922-இல் உலகின் முதல் காரில்லான் பள்ளியை அதே ஊரில் நிறுவினார். நீடிக்காத சின்ன மணிகளை மாறி மாறி வேகமாக அதிரவைத்து நீண்ட ஸ்வரம்போல ஒலிக்கச் செய்வது அவருடைய கைவண்ணம். எனக்கு அது கொஞ்சம் அதிகச் சர்க்கரை. லூவனில் வாழ்ந்த மத்தியாஸ் வான் டென் கெய்ன் 18-ஆம் நூற்றாண்டில் இந்த வாத்தியத்துக்கென்றே எழுதிய முன்னிசைகள்தான் என் கட்சி. நிகழ்ச்சி நிரலில் அந்தப் பெயர் இருந்தால் விடாதீர்கள். பாக், விவால்டி எல்லாம் வரும். பீட்டில்ஸ்கூட வரும், முகம் சுளிக்க வேண்டாம்.

கூடவே ஒரு மடிப்பு நாற்காலி, மேல்சட்டை, கட்டாயம் ஒரு குடை. வானத்தை நம்பி ஏமாந்த ஊர் அது. 1687 ஜனவரியில் ஒரு பனிமூட்ட இரவில் கோபுரத்துக்குப் பின்னால் சிவந்து தெரிந்த நிலவைத் தீ என்று நம்பி, ஊரே வாளித் தண்ணீரோடு ஓடியது. இன்றைக்கும் அவர்களுக்கு 'நிலவை அணைத்தவர்கள்' என்றுதான் பட்டப்பெயர்.

நான் போன கடைசித் திங்களில் பாதியில் தூறல் வந்தது. ஒருவரும் எழவில்லை, குடைகள் மட்டும் ஒவ்வொன்றாக விரிந்தன. துணியில் தூறல் விழும் சத்தத்துக்கு மேலே மணிகள் தம்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தன. முடிந்ததும் நான் கை தட்டக் கிளம்பினேன். வீட்டுக்காரம்மா என் கையை அமர்த்தினார். பெரிய மணி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. அது அடங்கியபின் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உச்சியில், எறும்பு அளவில், ஒருவர் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நாளைக்கு வெயில் வரும்" என்றார் வீட்டுக்காரம்மா, நாற்காலியை மடக்கிக்கொண்டே.