கீழே கிடங்கு, மேலே குடித்தனம்

கெய்ரோவில் அல்-அசார் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், மம்லூக் சுல்தான் அல்-கௌரி 1504-05இல் கட்டிய வகாலா (வணிகர் விடுதி) இன்னும் நிற்கிறது. நடுவில் திறந்த முற்றம். கீழ்த்தளங்களில் வணிகரின் சரக்கும் பேரமும். அதற்கு மேல் வாடகைக் குடித்தனங்கள். குடியிருந்தவர்கள் ஏறிப்போகத் தனி வாசல், தனிப் படிக்கட்டு. சுமை இறங்கும் முற்றத்தை மிதிக்காமலே வீட்டுப் பெண்கள் தெருவுக்குப் போய்வரலாம். கலப்பு நிலப் பயன்பாட்டுக்கு நகரமைப்பாளர்கள் எடுத்துக்காட்டும் கட்டடவகை இது. எனக்கு அதில் கலந்திருப்பதைக் காட்டிலும் பிரித்திருக்கும் நேர்த்திதான் கண்ணில் படுகிறது.

இப்படிப்பட்ட வாடகை எங்கே போனது என்று கேட்டால், வக்புக்கு, அதாவது அறத்துக்கென எழுதிவைத்த கட்டளைக்கு என்பதே விடை. கௌரி கட்டிய பள்ளிவாசல் தெருமட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும், அடியில் கடைகள். கடை வாடகையில் மேலே விளக்கு எரிந்தது, ஓதுவோருக்குச் சம்பளம் போனது. அந்தப் பள்ளிவாசல் நிற்கும் அதே தெருவில் 1744இல் உஸ்மானியர் காலப் படைத்தலைவர் அப்துர் ரஹ்மான் கத்குதா எழுப்பிய சிறு கட்டடத்தில் கீழே வழிப்போக்கருக்குக் குடிநீர், மேலே பிள்ளைகளுக்குக் குர்ஆன் பள்ளி. வருமானம் தராத தர்மத்தை வருமானம் தரும் கடை தாங்கியது. இதைவிடக் கெட்டியான ஏற்பாட்டை நான் அறியேன். (தர்மம் மட்டுமே நோக்கம் என்று நம்பிவிட வேண்டாம். பறிமுதலுக்கு அஞ்சிய அமீர்கள் (படைத்தலைவர்கள்) சொத்தைக் காக்கவும் வக்பு எழுதினார்கள்.)

கடையும் வீடும் ஒட்டி நின்றால் சண்டை வராதா? வந்தது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் இப்னு அர்-ராமி இத்தகைய வழக்குகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். புகை, நாற்றம், இரைச்சல் ஆகியவை அவர் பிரித்துப் பேசும் தொல்லைகள். முன்கூட்டியே வரைபடம் போட்டுத் தடுக்காமல், பாதிப்பு வந்தபின் காஜி என்னும் நீதிபதியிடம் முறையிடும் வழி அது. இடத்துக்கு இடம் வளைந்துகொடுத்தது அதன் பலம். ஆனால் முறையிட நெஞ்சுரமும் சாட்சியும் இல்லாத ஏழை என்ன செய்திருப்பான்? தோல் பதனிடும் தொட்டிகள் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் இன்றும் வீடுகளுக்கு நடுவே நாறுகின்றன. கெய்ரோவிலோ, 1600 வாக்கில் பாப் சுவைலா நகரவாயில் அருகிலிருந்து மேற்கே பாப் அல்-லூக் பக்கம் அவற்றைப் பெயர்த்து அனுப்பினார்கள்.

எல்லாரும் எங்கும் கலந்து வாழ்ந்தார்கள் என்பதும் பாதி உண்மைதான். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஆந்திரே ரேமோன் காட்டியபடி, உஸ்மானியர் காலக் கெய்ரோவில் பெருவணிகமும் செல்வமும் மையத்தை ஒட்டிக் குவிந்திருந்தன, ஏழைகள் ஓரங்களில்.

வக்பின் பலமே கடைசியில் அதன் நோயாகவும் ஆனது. விற்க முடியாத சொத்து. வாடகை தேய்ந்தால் பழுதுபார்க்கவும் வழியில்லை. நீண்டகாலக் குத்தகை என்ற ஒட்டுப்போட்டார்கள். அடிமாட்டு வாடகையில் அனுபோகம் குத்தகைக்காரருக்குப் போக, அறம் பெயரளவில் நின்றது. 1952இல் எகிப்து அரசு, சந்ததிக்கு வருமானம் போகும்படி எழுதிய குடும்ப வக்புகளை ஒழித்தது.

முற்றமும் மாடியும் மட்டும் பார்த்து இந்நகரங்களை நகலெடுக்க நினைப்பவர்கள், வாடகை எங்கே போனது, வழக்கை யார் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கௌரியின் வகாலாவில் இப்போது சரக்கும் இல்லை, குடித்தனமும் இல்லை. அது கலை மையம். முற்றத்தில் பார்வையாளர்களுக்காகத் தன்னூரா என்னும் சுழலாட்டம் நடக்கிறது. துணி வாங்க வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள கௌரிய்யா கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும்.