தேசியக் கல்வியும் 'தேசிய இனம்' என்னும் வரையறையும்: யாங்கோன் நகரை முன்வைத்து

1920 டிசம்பர் 1ஆம் நாள் இரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. 5ஆம் நாள் மாணவர் அதனைப் புறக்கணித்தனர். ஆங்கிலத் தேர்ச்சியையும் விடுதி வாழ்வையும் வற்புறுத்திய பல்கலைக்கழகச் சட்டம் எளியோர்க்கு உயர்கல்வியின் வாயிலை அடைக்கும் என்பது அவர்தம் வாதம். ஷ்வேடகோன் வளாகத்தில் உருப்பெற்ற அவ்வெதிர்ப்பின் பயனாகவே பர்மியத் தேசியப் பள்ளிகள் எழுந்தன. மியன்மாரின் தேசிய நாள் அதன் நினைவே.

இப்பள்ளிகளைச் சுதேச மெய்யியலின் மீட்சியாகப் போற்றுவோர் ஒன்றைக் கருதுவதில்லை. பர்மிய மொழியும் வரலாறும் பௌத்த அறமும் பாடங்களாயின. வகுப்பும் மணியும் தேர்வும் குடியேற்ற அரசுப் பள்ளியினுடையவாகவே நின்றன. ஊர்தோறும் சிறுவர்க்கு எழுத்தறிவித்த விகாரைப் பள்ளியில் துறவியோடு உறைந்து, அவர்க்குத் தொண்டாற்றிக் கற்கும் முறை இருந்தது; அம்முறை புதிய கல்விக்கு அடித்தளமாகவில்லை. பொருள் முடையால் பல பள்ளிகள் பின்னர் அரசு மானியத்தையும் ஏற்றன.

1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரும் மிஷன் பள்ளியின் வடிவத்திலேயே சைவத்தைப் பெய்தார். ஆயின் அது சைவர்க்கெனக் கண்ட பள்ளி. நாடு முழுமைக்கும் உரியது என்னும் உரிமைகோரல் அதற்கில்லை. பர்மியத் தேசியக் கல்விக்கோ அவ்வுரிமைகோரலே உயிர்நிலை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழர் அவருள் கணிசமானோர். அவர்தம் சிறுவர்க்கு அக்கல்வியில் என்ன இடம் என்னும் வினா எழுப்பப்படாமலே போயிற்று. (தமிழரும் தமக்கெனத் தனிப்பள்ளிகள் நடத்தி, அவ்வினாவைத் தவிர்த்தனர் எனலாம்.)

1960களின் நடுப்பகுதியில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது அத்தமிழ்ப் பள்ளிகளும் மறைந்தன. 2014ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம், தேவைப்படின் பர்மிய மொழியுடன் இனக்குழு மொழிகளையும் பள்ளியில் பயிற்று மொழியாகக் கொள்ள இடமளித்தது. சீர்திருத்தம் என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. எனினும் அரசு ஏற்றுக்கொண்ட 135 தேசிய இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. நூற்றாண்டுக்கு மேலாக யாங்கோனில் வாழும் குடியின் மொழி, சட்டத்தின் நோக்கில் சுதேச மொழியன்று.

இன்று அந்நகரின் தமிழ்ச் சிறுவர் கோயில் மண்டபங்களில், ஓய்வு நேர வகுப்புகளில், தமிழ் எழுத்துப் பயில்கின்றனர். விகாரைப் பள்ளியின் பழைய முறைக்கு அரசுப் பள்ளியினும் இவ்வகுப்பே அணுக்கமானது.